மணமகள் அறையில் ஒரு கோட்டை

என் தம்பி போன் செய்தபோது நான் புடவை கட்டி முடித்து, திருப்பதிக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அப்பாவை, நைனாவைப் பார்த்துக்கொள்ள சனிக்கிழமை மாலையே பெங்களூரிலிருந்து வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பிறகு ஞாயிறு காலை முதல் பஸ் என்றான். இப்போது அதுவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மனைவிக்கு ஷிப்ட். "இந்த வாட்டி ஆவாதுக்கா. வேற நாளிக்கி வெச்சிக்கச் சொல்லேன்" என்றான், என்னவோ நான் தனியாக ஒருத்தரைப் பார்க்கப் போவது மாதிரி. ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் வருகிறார்கள், போஸ்டரில் என் பேச்சின் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறுபடி சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன்.

பகலில் நைனாவோடு இருக்கும் அம்மாளும் அன்று இல்லை. ஆடிக் கிருத்திகை. குடும்பத்தோடு காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்விட்டார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வரமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே சொன்னவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

நைனா சித்தூரில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். மாம்பழ சீசனில் பாய்லரை விட்டு அப்படி இப்படி நகர மாட்டார். சாப்பாடு கூட அங்கேதான் போகும். ரிட்டயர் ஆன பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு ஒவ்வொன்றாக மறந்தது. முதலில் ஆட்களின் பெயர், பிறகு தெருக்கள், பிறகு நான். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. திருகுகிற மாதிரி எதைப் பார்த்தாலும் கிட்டே போய்த் திறந்துவிடுவார். குழாய், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்து வீட்டு டேங்கின் கேட் வால்வு. ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வீடு முழுக்க கேஸ் வாசனை. அவர் அடுப்பு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏதோ அளவு பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சமையலறைக்கு ஒரு பூட்டும் வாசலுக்கு ஒரு பூட்டும் வாங்கினேன். பகலுக்கு அந்த அம்மாளை வைத்ததும் அதற்குப் பிறகுதான். மாலையில் நான் வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் போவார். அவர் போனதும் உள்ளிருந்து பூட்டுவேன். காலையில் அவர் வந்த பிறகுதான் திறப்பேன். இடையில் எதற்கும் வெளியே போவதில்லை. தெருவில் யாராவது கூப்பிட்டால் ஜன்னல் வழியாகப் பேசுவேன். கல்யாணம், காது குத்தல், கூட வேலை செய்கிறவர்களின் ரிட்டயர்மென்ட் பார்ட்டி எதற்கும் என்னைக் கூப்பிடுவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். நான் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதனால் நைனா என்னிடம் இருப்பது எல்லோருக்கும் இயல்பாகப் பட்டது. எனக்குமே முதலில் அப்படித்தான் பட்டது.

யுத்த சரித்திரத்தில் நான் விழுந்தது அந்த மாலைகளில்தான். டிவி போட்டால் நைனா பயப்படுவார், அதனால் படித்தேன். கோட்டை முற்றுகைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அதிலேயே தங்கிவிட்டேன். அட்டைத் துண்டுகளைப் படைகளாக வைத்து, வரைபடத்தின் மேல் பழைய சண்டைகளைத் திரும்ப ஆடிப் பார்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வார்கேம் என்கிறார்கள். வெறும் விளையாட்டு இல்லை. அரிசி எத்தனை மாட்டு வண்டியில் வரும், மழையில் துப்பாக்கி மருந்து என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் கணக்கு உண்டு. நான் சின்னச் சின்னப் பேச்சுகளைத் தெலுங்கில் பதிவு செய்து யூடியூபில் போட ஆரம்பித்தேன். முகம் தெரியாது. மேசை மேல் ஒரு வரைபடம், அதன் மேல் என் கை, அவ்வளவுதான். பின்னால் நைனா யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அதை எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அதைக் கேட்டுத்தான் திருப்பதியிலிருந்து ஒரு பல் டாக்டர் எனக்கு எழுதினார். வருஷா வருஷம் ஆடியில், முகூர்த்தம் இல்லாத நேரம் பார்த்து, அலிபிரிப் பக்கத்தில் ஒரு மண்டபத்தை எடுத்து விளையாட்டு மாநாடு நடத்துகிறார். காலையில் பேச்சு, மத்தியானம் பெரிய ஆட்டம். முற்றுகையைப் பற்றி நேரில் வந்து பேசவேண்டும் என்று கேட்டார். சித்தூரிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஆனால் நான் அந்த ஊருக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஒப்புக்கொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் போனை வைத்த பிறகு நான் ரொம்ப யோசிக்கவில்லை. நைனாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டேன். தலை வாரினேன். ஒரு பையில் மாற்று வேட்டி, துண்டு, மாத்திரை, பிஸ்கட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன்.

பஸ்களில் பாதியைத் திருத்தணிக்கு ஸ்பெஷலாக விட்டுவிட்டார்கள். மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகக் கூட்டம். திருப்பதி பஸ் வந்தபோது அவரைத் தள்ளித்தான் ஏற்றவேண்டியிருந்தது. ஜன்னல் சீட்டில் அவரை உட்காரவைத்து, எழுந்து போகாதபடி நான் இந்தப் பக்கம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்திரகிரி தாண்டும்போது மலைமேல் கோட்டைச் சுவர் தெரிந்தது. நைனா அதைப் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியில் இருந்த ஒரு போல்ட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டும் கம்பத்தில் மாநாட்டு பேனர் தொங்கியது. உள்ளே பந்திக்குப் போடும் நீள மேசைகள் எல்லாவற்றிலும் வரைபடங்கள் விரித்திருந்தன. விரல் நகம் அளவு சிப்பாய்கள், குதிரைகள், பகடைகள். எல்லாம் இஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள், வேலைக்குப் போகிற இளவட்டங்கள். சாயம் பூசிய ஒரு சின்ன யானையை ஒருவன் ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. இத்தனை பேர் ஒரே இடத்தில் இதைப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

பல் டாக்டர் ஓடி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நைனாவைப் பார்த்துத் தயங்கினார். அந்த நேரம் நைனா, "யார்ரா அது, ஸ்டீம் எவ்ளோ வந்துக்கீது பாரு" என்று யாரையோ கேட்டார். டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. என் பதிவுகளில் பின்னால் கேட்கும் குரல் இதுதானா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம், என் அப்பா என்றேன். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நைனாவுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொருவரையும் டூட்டிக்கு வந்தாயா என்று விசாரித்தார்.

அவரை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடை ஏறினேன். பேச ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. பீரங்கியால் விழுந்த கோட்டைகள் குறைவு என்றேன். கிணறு வற்றியிருக்கும், தானியம் தீர்ந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் உள்ளே இருந்து யாரோ கதவைத் திறந்திருப்பார்கள். துரோகத்தால் விழுந்தது என்று நம் ஊர்க் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது என்று சொல்லி, முற்றுகைக்குள் இருக்கிறவனுக்கு நாள் எப்படிப் போகும் என்று விவரித்தேன். வெளியே இருக்கிறவனுக்குச் சண்டை. உள்ளே இருக்கிறவனுக்கு வெறும் காத்திருப்பு. அதை நான் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். ஆனால் பேசிய நேரம் முழுக்க என் ஒரு கண் முதல் வரிசையில்தான் இருந்தது. கேள்வி கேட்டவர்களின் முகம் எனக்கு இன்று ஞாபகம் இல்லை. நைனாவின் கால் எப்போது நாற்காலிக்கு வெளியே வந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

அவர் எழுந்து நேராக ஓரத்தில் இருந்த மைக்செட் மேசைக்குப் போனார். வரிசையாகத் திருகுகள். நான் பேசிக்கொண்டே பார்த்தேன், கத்திக் கூப்பிட முடியவில்லை. ஒரு பெரிய கீச்சொலி வந்தது, பிறகு என் குரல் நின்றுவிட்டது. சிரித்தார்கள், கேலியாக இல்லை. மைக்செட் ஆள் நைனாவை நாற்காலிக்குக் கூட்டிவந்தார். மீதிப் பேச்சை மைக் இல்லாமல் முடித்தேன். கைதட்டினார்கள். அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பத்தான் நினைத்தேன்.

ஆனால் மத்தியான ஆட்டத்தில் கோட்டைத் தளபதி என்று என் பெயரை அறிவித்திருந்தார்கள். டாக்டர் ஆறு மாதமாகத் தயார் செய்த ஆட்டம் அது. கற்பனையான ஒரு மலைக்கோட்டை. கோட்டைக்காரர்களுக்கு மண்டபத்தின் மணமகள் அறை. முற்றுகை போடுகிறவர்கள் ஹாலில் பெரிய வரைபடத்தைச் சுற்றி இருப்பார்கள். நாங்கள் வெளியே நடப்பதைப் பார்க்க முடியாது. அம்பயரான டாக்டர் ஒவ்வொரு சுற்றிலும் வந்து கதவைத் தட்டி, காவலாளி கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வார். நாங்கள் உத்தரவை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆட்டம் முடியும்வரை யாரும் அறையைவிட்டு வரக்கூடாது. வந்தால் கோட்டைக் கதவு திறந்ததாக அர்த்தம். போன்களை வாங்கி வைத்துக்கொள்வார்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குக் கீழே விளையாட வேண்டிய மூன்று மாணவர்கள் அதற்குள் வந்து நின்றார்கள். ஒருவன் கடப்பாவிலிருந்து இதற்காகவே வந்திருந்தான். மேடமோடு விளையாடப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு வந்தானாம். நைனாவும் என்னோடு அறைக்குள் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். ஒரே கதவு, உள்தாழ்ப்பாள். உயரமான நிலைக்கண்ணாடி, சோபா, கூடவே ஒரு பாத்ரூம். ஜன்னலுக்குக் கம்பி. பாத்ரூம் குழாயைத் தவிரத் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. இவரை இதைவிடப் பத்திரமாக எங்கே வைத்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது. சரி என்றேன்.

முதல் சில சுற்றுகள் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல நேரங்களில் சேரும். நைனா சோபாவில் கண்ணசந்தார். நாங்கள் தரையில் வரைபடத்தைப் பரப்பிக்கொண்டு, எந்தச் சுவரில் எத்தனை ஆள் என்று குசுகுசுவென்று பேசினோம். வெளியே எதிர்ப்படைத் தளபதி ஒரு இஞ்சினியரிங் மாணவி, நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கெட்டிக்காரி. எங்கள் கிணற்றுக்கு வரும் ஓடையைக் கண்டுபிடித்துத் திருப்பிவிட்டாள். உதவிப் படை ஒன்று எங்களைத் தேடி வந்துகொண்டிருப்பதாக ஆரம்பத்திலேயே ஒரு சேதி வந்திருந்தது. எப்போது வரும் என்பது அம்பயருக்கு மட்டும்தான் தெரியும். நான் தண்ணீரையும் தானியத்தையும் பாதியாகக் குறைக்க உத்தரவிட்டேன். அதுதான் சரியான முடிவு. இன்றும் அதில் மாற்றமில்லை.

டாக்டருக்கு ஒரு குறும்பு யோசனை இருந்தது. எங்கள் பங்கை நாங்கள் குறைத்தால், அறைக்குள் வரும் நிஜச் சாப்பாடும் அதே அளவு குறையும். அன்று மத்தியானம் எங்களுக்கு வந்தது ஒரு சின்னக் கிண்ணம் புளியோதரையும் ஆளுக்கு அரை வடையும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தின்றார்கள். என் பங்கை நைனாவுக்குக் கொடுத்தேன். பையில் இருந்த பிஸ்கட்டும் கொடுத்தேன். அவருக்குப் போதவில்லை. மணிப்படி சாப்பிட்டுப் பழகிய உடம்பு.

"சோறு எங்க? துன்றதுக்கு இன்னும் இன்னா கீது?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் வரும் நைனா என்றேன். அதற்குப் பிறகு உட்காரவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியில் தன்னையே பார்த்து, உள்ளே ஒரு ஆள் நிற்கிறான் என்றார். துண்டால் கண்ணாடியை மூடினேன். கதவண்டை போய் நின்று, தாழ்ப்பாளைப் பிடித்தார். கையை எடுத்துவிட்டேன். மறுபடி பிடித்தார். இது எனக்குத் தினமும் நடப்பதுதான். ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டு வாசலில் இதே மாதிரி நிற்கிறோம். ஆனால் அங்கே யாரும் பார்ப்பதில்லை. இங்கே மூன்று பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் தட்டி டாக்டர் வந்தார். மேற்குச் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது, எதிரி ஏணிகள் செய்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல அதுதான் சமயம். கடப்பாப் பையன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் போதும், உதவிப் படை நெருங்கியிருக்கும் மேடம் என்று கெஞ்சினான். அவன் சொன்னதும் சரிதான். நான் உத்தரவுச் சீட்டில் "தாக்குப்பிடி" என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுதிவிட்டுத் திரும்பினால் நைனா கதவில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. வெகு நாளாக அவர் என்னை அப்படி நிதானமாகப் பார்த்ததில்லை.

"உன்னையும் புடிச்சி வெச்சிக்கீறாங்களாம்மா?" என்று கேட்டார்.

பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"எத்தினி நாளா கீற இங்க?"

"ரொம்ப நாளா நைனா."

அவர் தலையாட்டினார். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "பயப்படாத. நான் கீறேன். வா, ரெண்டு பேரும் போயிடலாம்" என்றார்.

என்னை மகள் என்று தெரிந்து சொல்லவில்லை. எங்கேயோ தன்னோடு அடைபட்ட ஒரு பெண் என்று நினைத்துத்தான் சொன்னார். வீட்டு வாசலில் நின்று, கதவைத் திற, என்னை ஏன் பூட்டி வைக்கிறாய் என்று எத்தனையோ தரம் சத்தம் போட்டிருக்கிறார். நீ உருப்படமாட்டாய் என்று திட்டியிருக்கிறார். அதையெல்லாம் தாங்கிப் பழகியிருந்தேன். இந்த இரண்டு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்துவிட்டேன். பின்னால் கடப்பாப் பையன், "மேடம், வத்து மேடம்" என்றான். வேண்டாம் என்கிறான். எனக்குக் கேட்டது. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹாலில் எல்லோரும் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்கள். முதலில் நிமிர்ந்தவள் அந்த நகரிப் பெண்தான். ஏணிப் படையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. நாங்கள் மேசைகளுக்கு நடுவே நடந்து போனோம். நைனா மட்டும் யாரையும் சட்டை செய்யாமல், நேராகப் பந்தி நடக்கும் பக்கம், சாப்பாட்டு வாசனை வரும் திசையில் என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே முற்றுகைக்காரர்களுக்கு முழுச் சாப்பாடு மீதி இருந்தது. இலை போட்டு அவரை உட்காரவைத்தேன். அவர் சாதத்தில் சாம்பாரை ஊற்றிப் பிசையும்வரை நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

டாக்டர் வந்தார். விதிப்படி கோட்டை விழுந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றேன். கடப்பாப் பையனும் பின்னாலேயே வந்திருந்தான். அம்பயரின் பேப்பரைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. "அடுத்த டர்ன்ல வந்திருக்கும் மேடம். அடுத்த டர்ன்தான்" என்றான். கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்காக அழுகிறவனைப் பார்த்து யாராவது சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எவ்வளவு ஆசையோடு வந்தான் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு தளபதிகளும் மேடையில் உட்கார்ந்து, எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று சொல்லவேண்டும். அது அங்கே வழக்கம். எனக்குத் தப்பி ஓட வழி இல்லை. நைனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே மைக்கை வாங்கினேன். நகரிப் பெண் கேட்டாள், தமிழிலேயே கேட்டாள். "தண்ணி இருந்திச்சி, ஆளு இருந்தாங்க. நான் உள்ள வர இன்னும் ரெண்டு மூணு டர்ன் ஆயிருக்கும். ஏன் மேடம் தொறந்தீங்க?"

ஒரு நல்ல காரணம் சொல்லலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. "உள்ளே இருந்த ஒருத்தர் போலாம்னு சொன்னார். எனக்கும் போகணும்போல இருந்தது" என்றேன். காலையில் நான் துரோகம் என்று சொன்ன கதைகளில் பாதி இப்படிக்கூட நடந்திருக்கும், கதவைத் திறந்தவன் ஏன் திறந்தான் என்று யாரும் அவனைக் கேட்டு எழுதிவைக்கவில்லை என்றும் சொன்னேன். அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்க நினைத்து, நைனாவைப் பார்த்துவிட்டு, தேங்க்ஸ் மேடம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் பஸ் பாகாலா தாண்டி நின்றுவிட்டது. முன்னால் காவடிக் கூட்டத்து வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. அப்போது தம்பி போன் செய்தான். நிகழ்ச்சிக்குப் போனாயா, நைனாவை என்ன செய்தாய் என்று கேட்டான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன், அதான் நான் அப்பவே சொன்னேன், அவரைக் கூட்டிக்கினு போயிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தான்.

"அடுத்த மாசம் நீ வந்து ஒரு வாரம் இருக்கணும்" என்றேன். "நான் இருக்கமாட்டேன்."

"எங்கக்கா போற?"

"தெரியல. ஆனா இருக்கமாட்டேன்."

அவன் ஆபீஸ், குழந்தை, ஸ்கூல் என்று அடுக்கினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், சரி என்று சொல்லவில்லை. அதுதான் வித்தியாசம். வழக்கமாக நான் சொல்லிவிடுவேன். கடைசியில் அவனே வருகிறேன் என்றான். பஸ் அசையவே இல்லை. நைனா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கை மரத்துப்போனது, இறக்கிவைக்க இடமில்லை.

தம்பி சொன்னபடி வந்தான். எதைப் பூட்டவேண்டும், எந்த மாத்திரை எப்போது, ராத்திரி எழுந்தால் என்ன சொல்லித் திரும்பப் படுக்கவைக்கவேண்டும் என்று எல்லாம் காட்டிவிட்டு, ஒரு சின்னப் பையோடு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் எங்கே போவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது உறைத்தது. வேலூர் பஸ் நின்றது, பெங்களூர் பஸ் நின்றது. யார் வீட்டுக்குப் போவது? கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எப்போதோ கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் திருப்பதிக்கே போய் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தேன். நாராயணவனம் கோயிலுக்கு ஒரு நாள் போனேன். பிராகாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. ரூமுக்கு வந்து படுத்தால், கண் மூடியதும் பாத்ரூம் குழாய் மூடியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன்.

வாரம் முடியும் முன்பே சித்தூருக்குத் திரும்பிவிட்டேன். தம்பி கதவைத் திறந்தான். தாடி வளர்ந்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. இன்னும் நாள் இருக்கிறதே, ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டான். சும்மாதான் என்றேன். "நீ எப்டிக்கா இதுல கீற?" என்றான். நான் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அடுத்தது தீபாவளிக்கு அப்புறம் வருகிறேன் என்று அவனாகவே சொன்னான். வந்தான். அதற்கு அடுத்த தடவை வரவில்லை. அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாநாட்டுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். மாட்டு வண்டிகளைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன், போக முடியுமா என்பது அன்று காலையில்தான் தெரியும்.

நான் பாதி வாரத்தில் திரும்பி வந்த அன்று, தம்பி உள்ளே போய்ப் பாயில் விழுந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டான். நைனா வாசல் அறையிலிருந்து மெல்ல நடந்து போய் அவனைக் குனிந்து பார்த்தார். யாரும்மா இது என்று என்னைக் கேட்டார்.

"உங்க பையன் நைனா."

"பாவம்" என்றார். "நல்லாத் தூங்கிக்கினு கீறான். எழுப்பாத."